கொக்கைனை வென்றவர் என்று சொல்லப்பட்ட ஹால்ஸ்டெட்: ஒரு நிகழ்வு ஆய்வு

1885 செப்டம்பர் 12 அன்று நியூயார்க் மெடிக்கல் ஜர்னல் இதழில் கொக்கைனைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் வாக்கியத்தில் மட்டும் நூறு சொற்களுக்கு மேல். இந்த மருந்தில் அறுவை மருத்துவர்கள் ஏன் அக்கறை காட்டவில்லை என்பது தனக்குப் புரியாமல் இல்லை என்று தொடங்குகிறது. அந்த எண்ணம் முடிவதற்குள், அவர்களுடைய பெயரைக் காப்பாற்ற வேண்டிய கடமை என்று வேறொன்று குறுக்கே வருகிறது. அதுவும் முடிவதற்குள், சில மாதங்களுக்கு முன் எழுத ஆரம்பித்த ஒரு நீண்ட கட்டுரைக்குத் தாவுகிறது. கடைசியில், உடம்பு சரியில்லாததால் அதை முடிக்க மனம் வரவில்லை என்று சொல்லி நிற்கிறது. எத்தனை முறை படித்தாலும் எழுவாயும் பயனிலையும் கைகோக்கவே இல்லை. இதழ் அதை அப்படியே அச்சிட்டது.

எழுதியவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட், வயது 32. அன்றைய நியூயார்க்கின் மிகத் துணிச்சலான அறுவை மருத்துவர்களில் ஒருவர். அந்த வாக்கியத்தை எழுதும்போது அவர் கொக்கைனுக்கு அடிமையாகி மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நல்ல மூளை அச்சில் கலைந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

இவரைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை சுருக்கமானது: ஆராய்ச்சிக்காகத் தன் உடம்பிலேயே கொக்கைனைச் சோதித்தார், அடிமையானார், மனவுறுதியால் அதை வென்றார், அமெரிக்க அறுவை மருத்துவத்தின் தந்தை ஆனார். இதில் 'மனவுறுதியால் வென்றார்' என்ற பகுதி சரியில்லை என்று 1969இல்தான் வெளியே தெரிந்தது. மனவுறுதி அவரிடம் யாருக்கும் குறையாமல் இருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவரை உயிரோடும் வேலையோடும் வைத்திருந்தது அவரைச் சுற்றி நின்ற சிலரும், அவர்கள் காத்த ரகசியமும், நாள்தோறும் போட்டுக்கொண்ட இன்னொரு போதை மருந்தும். அதே சோதனைகளில் கூட இருந்து, அதே மருந்தில் விழுந்த மற்றவர்களுக்கு இவை கிடைக்கவில்லை. அவர்கள் மீளாமலே செத்தார்கள். இந்த ஆய்வில் நான் பார்க்க நினைப்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

அவர் யார்

பணக்கார வீட்டுப் பிள்ளை. யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கால்பந்து அணியின் தலைவர். படிப்பில் பெரிய நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை, மருத்துவத்துக்கு வந்த பிறகுதான் தீப்பிடித்தது. 1877இல் பட்டம் வாங்கி, 1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில், பெரும்பாலும் ஜெர்மன் பேசும் நகரங்களில், கற்றார். கிருமி நாசினி முறையை அமெரிக்க மருத்துவர்கள் பலர் இன்னும் கேலி செய்துகொண்டிருந்த நேரத்தில் அதைக் கையோடு கொண்டுவந்தார். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இருந்த அறுவை அரங்கின் சுத்தம் அவருக்குப் போதவில்லை, நண்பர்களிடமிருந்து 10,000 டாலர் திரட்டித் தனியாகக் கூடாரமே போட்டுக்கொண்டார்.

1881இல் அவருடைய தங்கை பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டி உயிருக்குப் போராடியபோது, தன் கையிலிருந்தே ரத்தத்தை எடுத்து அவருக்கு ஏற்றினார். ரத்தப் பிரிவுகள் இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலம் அது, கண்டுபிடிக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. தங்கை பிழைத்தார். அடுத்த ஆண்டு அம்மாவுக்குப் பித்தப்பையில் சீழ். நள்ளிரவு தாண்டி, சமையலறை மேசையில் படுக்கவைத்து, பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்தார். அம்மாவும் பிழைத்தார். பயம் என்றால் என்னவென்று தெரியாத கை. பகலில் ஆறு மருத்துவமனைகளில் வேலை, மாலையில் மாணவர்களுக்கு வகுப்பு, இரவில் நண்பர்களோடு விருந்து. 'பலவீனமானவர்கள்தான் போதையில் விழுவார்கள்' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சமையலறை மேசை.

செய்தி வந்த வேகம்

கோகா இலையைத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்துக் கன்னத்தில் அடக்கி வந்திருக்கிறார்கள். பசி தெரியாது, மேட்டில் ஏறும்போது களைப்பு தெரியாது. இலையில் கொக்கைனின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு அல்லது அதை ஒட்டி. அது வாய்த் தோல் வழியாகவும் வயிற்றின் வழியாகவும் மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். 1860 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆல்பர்ட் நீமன் என்ற இளம் வேதியியலாளர் இலையிலிருந்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். நாக்கில் வைத்தால் மரத்துப்போகிறது என்றும் குறித்துவைத்தார். சரி, மரத்துப்போகிறது என்றால் அறுவைக்குப் பயன்படுமே என்று கேட்க அப்புறம் ஒரு தலைமுறையே ஆனது.

கேட்டவர் கார்ல் கோலர், வியன்னாவில் கண் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். கண் அறுவையில் நோயாளி விழித்திருந்து ஒத்துழைக்க வேண்டும், ஆனால் வலி தாங்காமல் விழி அசையும். 1884 செப்டம்பரில் ஒரு தவளையின் கண்ணில் கொக்கைன் கரைசலைச் சொட்டினார். ஒரு நிமிடம் கழித்து ஊசியால் தொட்டபோது தவளை அசையவில்லை. பிறகு முயல், நாய். பிறகு தன் கண்ணிலும் உடனிருந்தவர் கண்ணிலும். குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்கில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டில் அந்த முடிவு வாசிக்கப்பட்டது. பயணச் செலவுக்குப் பணம் இல்லாததால் கோலர் போகவில்லை, வேறொருவர் வாசித்தார். அங்கே இருந்த ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதிய கடிதம் அக்டோபர் 11 அன்று நியூயார்க் இதழ் ஒன்றில் அச்சாகிவிட்டது. நான்கு வாரம்கூட ஆகவில்லை.

ஹால்ஸ்டெட் அதைப் படித்ததும் கண்ணோடு நிறுத்தவில்லை. மேல்தோலில் சொட்டினால் மேல்தோல் மரக்கிறது என்றால், நரம்பின் தண்டுக்கு அருகிலேயே ஊசியால் செலுத்தினால் அந்த நரம்பு போகும் இடமெல்லாம் மரத்துப்போகாதா? அவரும் ரிச்சர்ட் ஹால் என்ற சக மருத்துவரும் சில உதவியாளர்களும் மாணவர்களும் ரூஸ்வெல்ட் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அந்த வேலையில் இறங்கினார்கள். ஒருவர் கையில் இன்னொருவர், ஒருவர் தாடையில் இன்னொருவர். தாடை எலும்பின் உள்பக்கம் ஓடும் நரம்பருகே ஊசி போட்டதும், மூன்று நிமிடத்தில் கீழுதட்டில் பாதி மரத்துப்போனதைக் கண்டார்கள். டிசம்பர் 6 அன்று ஹால் அதை அச்சிலும் எழுதிவிட்டார். இன்று பல் மருத்துவரிடம் போய்ப் பாதி உதடு வீங்கினாற்போல உணர்ந்து வெளியே வருபவர் ஒவ்வொருவரும் அந்தக் குளிர்கால மாலைகளுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் குளிர்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அறுவைகளை அவர்கள் இந்த முறையில் செய்தார்கள்.

விலையையும் அவர்கள்தான் கொடுத்தார்கள். ஊசி போட்டது நரம்புக்கு, ஆனால் மருந்து நரம்போடு நிற்பதில்லை, சுற்றியுள்ள திசுவிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது, ரத்தத்திலிருந்து மூளைக்குப் போகிறது. களைப்பு பறந்துவிடும், தூக்கம் வராது, பேச்சு பெருகும், எதையும் சாதிக்கலாம் என்று தோன்றும். ஆறு மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொக்கைனுக்கு அடிமைத்தனம் என்று ஒன்று உண்டு என்று சொல்ல அன்று பாடப்புத்தகமே இல்லை. 1885இல் பார்க், டேவிஸ் நிறுவனம் கோழையை வீரனாக்கும், பேசாதவனைப் பேசவைக்கும் என்றெல்லாம் சொல்லித்தான் இதை விற்றது. எச்சரிக்கப் போதுமான நோயாளிகள் இன்னும் உருவாகவில்லை. முதல் நோயாளிகளில் இவர்களும் அடக்கம்.

உடம்புக்குள் நடந்தது

மூளையில் ஒரு நரம்புச் செல் டோபமைனை வெளியிடும், வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். கொக்கைன் அந்த இழுக்கும் வாசலை அடைத்துவிடுகிறது. டோபமைன் வெளியே தேங்குகிறது. 'இது முக்கியம், இதை மறக்காதே, மறுபடி செய்' என்று மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குறி அது. உணவுக்கும் உறவுக்கும் வர வேண்டிய அந்தக் குறி ஒரு வெள்ளைத் தூளுக்கு, அதுவும் பல மடங்காக, வருகிறது. 1990களில் மூளைப் படமெடுப்பு மூலம் ஆராய்ந்தபோது, வழக்கமாக எடுக்கும் அளவு கொக்கைனே அந்த வாசல்களில் 60 முதல் 77 சதவீதம் வரை அடைத்துவிடுவது தெரிந்தது.

ஆனால் அளவை விட வேகம்தான் ஆளை வீழ்த்துகிறது என்று நினைக்கிறேன். கன்னத்தில் அடக்கிய இலை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஊசியில் போனால் சட்டென்று ஏறும், ஒரு மணி நேரத்துக்குள் பாதி கழிந்துவிடும், இறங்கும்போது தொடங்கிய இடத்தை விடவும் கீழே கொண்டுபோய்விடும். அந்தப் பள்ளத்திலிருந்து ஏற அடுத்த ஊசி. ஒரே இரவில் பத்து முறை, பதினைந்து முறை என்று போவது இதனால்தான். மார்ஃபின் (அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து) பழகியவருக்கு அது நின்றால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு என்று உடம்பே கூச்சல் போடும், வெளியே இருப்பவருக்கும் தெரியும். கொக்கைன் நின்றால் அப்படிக் கண்ணுக்குத் தெரிவது குறைவு. தூங்கித் தூங்கி விழுவார், நிறையச் சாப்பிடுவார், எதிலும் பிடிப்பு இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்கள் ஓய்வெடுக்கிறார் என்று நினைப்பார்கள். தவிப்பு உள்ளே இருக்கும், வாரங்கள் கழித்தும் திடீரென்று தலைதூக்கும்.

வியன்னாவில் இன்னொருவர்

இதை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு மனிதர், எர்ன்ஸ்ட் ஃபான் ஃபிளைஷ்ல்-மார்க்ஸோ. வியன்னாவின் உடலியங்கியல் கூடத்தில் எல்லோரும் வியந்து பார்த்த அறிவாளி, அழகர், நல்ல பேச்சாளர். 25 வயதில் பிணப் பரிசோதனை வேலையில் வலது கட்டைவிரலில் தொற்று ஏறி, விரலை வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டிய இடத்தில் நரம்புக் கட்டிகள் முளைத்துக்கொண்டே இருந்தன, ஓயாத வலி, அறுவை மேல் அறுவை. மார்ஃபின் பழகியது அப்படித்தான்.

அவருடைய இளைய நண்பர் சிக்மண்ட் ஃபிராய்ட், அப்போது 28 வயதான ஏழை மருத்துவர். திருமணத்துக்குப் பணமும் பெயரும் வேண்டும். கொக்கைன் மார்ஃபின் பழக்கத்தை முறிக்கும் என்று சில அமெரிக்கக் கட்டுரைகளில் படித்திருந்தார். 1884 மே மாதம் ஃபிளைஷ்லுக்குக் கொடுத்தார். சில நாள் அற்புதமாகத் தெரிந்தது. ஜூலையில் கோகாவைப் புகழ்ந்து கட்டுரையும் எழுதிவிட்டார். 1885 மார்ச்சில் ஒரு சொற்பொழிவில், மார்ஃபினை விடுபவர்களுக்குக் கொக்கைனை ஊசியாகவே தயங்காமல் போடலாம் என்றார். அந்த நேரத்தில் ஃபிளைஷ்ல் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்றால், நாளுக்கு ஒரு கிராம் கொக்கைனை நோக்கி. அந்த ஜூனில் கணக்குப் பார்த்தபோது மூன்று மாதத்தில் 1800 மார்க் கொக்கைனுக்கே போயிருந்தது. தோலின் மேல் வெள்ளைப் பாம்புகள் ஊர்வதாக அவருக்குத் தெரிந்தது. இரவுகளில் ஃபிராய்ட் கூடவே உட்கார்ந்திருந்தார், அதை மறைக்கக் கூடாது, அவர் நண்பரை விட்டு ஓடவில்லை. ஃபிளைஷ்ல் 1891 அக்டோபரில், 45 வயதில் இறந்தார். அந்த 1885 சொற்பொழிவை ஃபிராய்ட் 1897இல் தன் எழுத்துகளின் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஃபிளைஷ்லை இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே மார்ஃபினை விரட்டக் கொக்கைன் கொடுத்தார்கள். இங்கே ஹால்ஸ்டெட்டின் கொக்கைனை விரட்டுவதற்கு மார்ஃபின் கொடுக்கப்போகிறார்கள். எதிர்ப்பக்கமிருந்து நடந்த அதே தவறு.

வெல்ச் செய்தது

1885 முடிவதற்குள் ஹால்ஸ்டெட்டின் நியூயார்க் வாழ்க்கை சரிந்துவிட்டது. வகுப்புகள் நின்றன, மருத்துவமனைக்கு வருவதில்லை. இந்த இடத்தில் வில்லியம் வெல்ச் வருகிறார். நோயியல் பேராசிரியர், பால்டிமோரில் அமையவிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளிக்காக முன்கூட்டியே அழைக்கப்பட்டவர், ஹால்ஸ்டெட்டின் பழைய நண்பர். 1886 பிப்ரவரியில் ஒரு பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்து, ஹால்ஸ்டெட்டைக் கரீபியன் தீவுகளுக்குக் கூட்டிப்போனார். நடுக்கடலில் மருந்து கிடைக்காது, அளவைப் படிப்படியாகக் குறைத்தால் விட்டுவிடலாம் என்று கணக்கு. பலிக்கவில்லை. இன்று நமக்கு அது குழந்தைத்தனமாகத் தெரியலாம், ஆனால் அடிமைத்தனத்தைப் பாவம் என்றும் குணக்கேடு என்றும் சொன்ன காலத்தில் ஒரு மனிதர் தன் நண்பனுக்காகக் கப்பல் ஏறியிருக்கிறார்.

1886 மே மாதம் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இருந்த பட்லர் மருத்துவமனையில் சேர்ந்தார், மனநல மருத்துவமனை அது. நவம்பர் வரை இருந்தார். அங்கே கொக்கைனைக் குறைக்க மார்ஃபின் கொடுக்கப்பட்டது என்பதுதான் மருத்துவ வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் விளக்கம், வெளியே வந்தபோது அவரிடம் மார்ஃபின் பழக்கம் இருந்தது.

வெளியே வந்தவரிடம் நியூயார்க்கின் கதவுகள் ஒன்றும் மிச்சமில்லை. வெல்ச் அவரைப் பால்டிமோருக்கு அழைத்து, தன் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். அங்கே நாய்களின் குடலைத் தைத்துப் பார்த்து, தையலைத் தாங்குவது குடலின் எந்த அடுக்கு என்று கண்டுபிடித்தார். சளிச்சவ்வுக்குக் கீழே இருக்கும் மெல்லிய, உறுதியான அடுக்கு. ஊசி அதைப் பிடிக்காமல் போட்ட தையல் பிய்ந்துவிடும். குடல் அறுவை இன்றும் இந்த அறிவின் மேல் நிற்கிறது. 1887 ஏப்ரலில் ஹார்வர்டில் அதைப் பற்றிப் பேசினார். பேசிய கையோடு மறுபடி விழுந்தார், மறுபடி பட்லரில் மாதக்கணக்கில் இருந்தார். வெல்ச் கதவை மூடவில்லை. இரண்டாம் முறை விழுந்தவனுக்கும் மேசையும் நுண்ணோக்கியும் காத்திருந்தன. கொக்கைனிலிருந்து மீண்டவர்களோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். முதல் முறை விழுந்தவரை மன்னிக்கப் பலர் இருப்பார்கள், இரண்டாம் முறைக்குத்தான் ஆள் இருக்காது.

ஆஸ்லரின் ரகசியக் குறிப்பு

1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது ஹால்ஸ்டெட்டை முதலில் தற்காலிகப் பொறுப்பு மருத்துவராகத்தான் வைத்தார்கள். அடுத்த ஆண்டு முழுப் பதவி, 1892இல் பேராசிரியர். அதன் பிறகு அவர் செய்தவை மருத்துவ மாணவர் எல்லோரும் படிப்பவை: குடலிறக்க அறுவை, மார்பகப் புற்றுநோய்க்கான முழு அகற்றல், தைராய்டு வேலை, அறுவை மருத்துவர்களைப் படிப்படியாகப் பயிற்றும் முறை. கிருமிநாசினியால் கை புண்ணாகிப்போன செவிலியர் கரோலைன் ஹாம்ப்டனுக்காக ரப்பர் கையுறை செய்யச்சொல்லி, அடுத்த ஆண்டே அவரை மணந்துகொண்டார். அந்தக் கையுறை உலகம் முழுக்கப் பரவியது.

ஆள் மட்டும் மாறிப்போயிருந்தார். விருந்துகளின் நாயகன் இப்போது கூச்ச சுபாவக்காரர், ஆண்டுதோறும் கோடையில் மாதக்கணக்கில் காணாமல் போவார். அதிவேகமாக அறுத்தவர் இப்போது மெதுவாக, ஒவ்வொரு ரத்தக்குழாயையும் கட்டி, திசுவை நோகாமல் தொட்டு அறுத்தார். மார்ஃபின்தான் அவருக்கு அந்த நிதானத்தைக் கொடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திசுவை மதிக்கும் பாடத்தை அவர் ஐரோப்பாவிலேயே கற்றிருந்தார், பெல்வியூ கூடாரமும் நாய்க்குடல் ஆராய்ச்சியும் அதன் தொடர்ச்சி. ஒரு மனிதனின் திறமைக்கான புகழை அவனை அரித்த மருந்துக்குக் கொடுப்பது அநியாயம்.

வில்லியம் ஆஸ்லர் அந்த மருத்துவமனையின் பொது மருத்துவத் தலைவர். அவர் தனியாக ஒரு ரகசியக் குறிப்பு எழுதிவைத்திருந்தார், அது 1969இல்தான் அச்சுக்கு வந்தது. ஆஸ்லர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து. 1890இல் முழுப் பதவிக்குப் பரிந்துரைத்தபோது ஹால்ஸ்டெட் மார்ஃபினை விட்டுவிட்டார் என்றே தானும் வெல்ச்சும் நம்பியதாக அதில் எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஹால்ஸ்டெட் கடும் குளிர் நடுக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறார். மருந்து தள்ளிப்போனால் வரும் நடுக்கம் என்று ஆஸ்லருக்குப் புரிந்துவிட்டது. மெல்ல மெல்லப் பேசி அவருடைய நம்பிக்கையைப் பெற்றார். நாளுக்கு மூன்று கிரெய்னுக்குக் கீழே குறைக்க முடியவில்லை என்று தெரிந்தது. மூன்று கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம், பழகாத ஒருவரின் மூச்சை நிறுத்தக்கூடிய அளவு. அதை எடுத்துக்கொண்டு அவர் வசதியாக வேலை செய்தார் என்கிறார் ஆஸ்லர். 1898 வாக்கில் ஒன்றரை கிரெய்ன். 1912 வாக்கில் அது இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு வரி. வேறு யாரும், வெல்ச்சும் உட்பட, சந்தேகப்படவில்லை என்று ஆஸ்லர் நினைத்தார்.

ஆஸ்லர் காட்டிக்கொடுக்காமல் இருந்தது ஹால்ஸ்டெட்டைக் காப்பாற்றியது, நானாக இருந்தாலும் ஒருவேளை அதையே செய்திருப்பேன். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 'மனவுறுதியால் வென்றார்' என்ற கதை அத்தனை ஆண்டுகள் பாடமாக நின்றது. வெல்ல முடியாத எத்தனை மருத்துவர்கள், செவிலியர்கள், தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துச் சுருண்டிருப்பார்கள். நோயாளிகள் பக்கமும் யோசிக்க வேண்டும்: தங்களை அறுப்பவரின் நிலை அவர்களுக்குத் தெரியாது. அவர் வராத நாட்களில் கத்தியைப் பிடித்தது பயிற்சி மருத்துவர்கள். நல்லவேளையாக அவர் அவர்களை நன்றாகப் பயிற்றியிருந்தார்.

மற்றவர்களுக்குக் கிடைத்தது

ரிச்சர்ட் ஹால் நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்குப் போனார். 1897இல் இறந்தார். 1918இல் ஆஸ்லருக்கு எழுதிய கடிதத்தில் ஹால்ஸ்டெட் இதைத் தொடுகிறார்: பாவம் ஹாலும் தன்னுடைய வேறு இரண்டு உதவியாளர்களும் நரம்புகளில் ஊசி போட்டுச் செய்த சோதனைகளின்போது கொக்கைன் பழகினார்கள், அந்தப் பழக்கத்திலிருந்து மீளாமலே எல்லோரும் இறந்தார்கள் என்று. அந்த இருவரின் பெயர் கடிதத்தில் இல்லை. அவர்களுக்குக் கப்பல் பிடிக்க ஆளில்லை, பால்டிமோரில் மேசை இல்லை.

அப்புறம் சட்டம் வந்தது. 1914இல் அமெரிக்காவின் ஹாரிசன் சட்டம், கொக்கைனையும் அபினி வகைகளையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்கு முன்னால் கறுப்பின மக்களைக் கொக்கைன் வெறியர்களாகக் காட்டும் பீதிக் கட்டுரைகள் பத்திரிகைகளில் வந்தன, அந்த அழுக்கும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. 1919இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெப் வழக்கில், அடிமையானவருக்கு அவருடைய பழக்கம் தொடர்வதற்காக மட்டும் மார்ஃபின் எழுதிக்கொடுப்பது மருத்துவம் ஆகாது என்றது. அதாவது, நிலையான அளவில் மார்ஃபின் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்வது, ஹால்ஸ்டெட் கடந்துவந்த அதே பாதை, சாதாரண மனிதருக்குச் சட்டப்படி அடைக்கப்பட்டது. அப்போது ஹால்ஸ்டெட் பேராசிரியராகத்தான் இருந்தார். எழுதிக்கொடுத்த மருத்துவர்கள் சிறைக்குப் போனார்கள். 1986இல் இன்னொரு சட்டம், 5 கிராம் கிராக் (புகைக்கும் கொக்கைன்) விற்க வைத்திருந்தவருக்கும் 500 கிராம் கொக்கைன் தூள் விற்க வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்ச தண்டனை, ஐந்து ஆண்டு. இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான், ஆனால் கிராக் ஏழைகளின் தெருவில் விற்றது. 2010இல்தான் அந்த நூறுக்கு ஒன்று என்ற கணக்கு பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது.

மருத்துவத்தின் பக்கம், அபினி வகைகளுக்கு 1960களிலிருந்து மெத்தடோன் சிகிச்சை உண்டு, இந்த நிகழ்வை வைத்துப் பார்த்தால் பட்லர் மருத்துவமனை தெரியாமல் தொட்ட ஒன்றை அது அளவோடும் மேற்பார்வையோடும் வெளிச்சத்தில் செய்கிறது. கொக்கைனுக்கு அப்படி ஒரு மருந்து இன்றுவரை அங்கீகரிக்கப்படவில்லை. இருப்பதில் நன்றாக வேலை செய்வது, போதை இல்லாத ஒவ்வொரு பரிசோதனைக்கும் உடனடியாக ஒரு சிறு பரிசு கொடுத்து, கூடவே ஆலோசனையும் ஆதரவும் தரும் முறை. ஒருவர் விடாமல் கூட நிற்பதும், திரும்பி வர ஒரு வேலை இருப்பதும், அன்று வெல்ச் செய்ததற்கு மிக அருகில் இருக்கிறது.

கொக்கைனின் வலி நீக்கும் குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு போதையைக் கழற்றிவிட வேதியியலாளர்கள் முயன்றார்கள். 1904இல் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் நோவோகைனுக்குக் காப்புரிமை வாங்கினார், பல் மருத்துவமனைகளில் அது கொக்கைனின் இடத்தைப் பிடித்தது. 1940களில் லிடோகைன் வந்தது. இவர்கள் ஒருவர் தாடையில் ஒருவர் குத்திப் பார்த்த அதே இடத்தில் இன்று அதுதான் போகிறது.

1922 ஏப்ரலில் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஹால்ஸ்டெட்டுக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். நரம்பை மரக்கவைக்கும் முறையை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று, 37 ஆண்டுகள் கழித்து. ஆகஸ்டில் பித்தநாளக் கல் தொல்லை முற்றியது. அவர் பயிற்றிய மாணவர்கள் இருவரே அவரை அறுத்தார்கள், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு அவர் செய்ததைப் போல. செப்டம்பர் 7 அன்று நிமோனியாவில் இறந்தார். வயது 69. ஆஸ்லர் எழுதிவைத்த குறிப்பு அப்போதும் யார் கண்ணிலும் படாமல்தான் இருந்தது, இன்னும் 47 ஆண்டுகளுக்கு.